திருநெல்வேலியில் பழைய சாமான் வாங்குவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து ஏழாம் நாள் வரை

பாளையங்கோட்டையில் வாடகை வீடு எடுத்தபோது என் வீட்டுக்கு வந்த கட்டில், பீரோ, கிரைண்டர், ஃபிரிட்ஜ் நான்குமே பழைய சாமான் கிடங்கில் வாங்கியவை. அப்புறம் தங்கை வீட்டுக்கு, கூட வேலை பார்ப்பவர்களுக்கு, புதிதாகக் கல்யாணமாகி தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகளுக்கு என்று பலரோடு துணைக்குப் போய்விட்டேன். முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குப் பிடித்த சாமானைத் தொட்டு, "அண்ணாச்சி, இது என்ன விலை?" என்று கேட்டுவிடுகிறார்கள். விலைப் பேச்சு கடைசியில் வர வேண்டியது. அது முதலிலேயே வந்துவிட்டால், அவர் குறைத்துத் தருகிற ஐந்நூறு ரூபாயிலேயே மனம் நின்றுவிடும். சாமானைப் பார்க்கத் தோன்றாது.

நான் சொல்வது பைபாஸ் ஓரங்களில் தகரக் கூரை போட்டு, பீரோ ஒரு வரிசை, கட்டில் ஒரு வரிசை, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இன்னொரு வரிசை என்று அடுக்கி வைத்திருக்கும் பெரிய கிடங்குகளைப் பற்றி. இரும்பை எடைக்கு எடுக்கிற காயலான் கடைக்கு இந்த முறை சரிவராது.

1. முதலில் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

சாமான் வைக்கப்போகிற இடத்தை மட்டும் அளந்தால் போதாது. வாசல், உள் அறைக் கதவு, மாடிப்படி திரும்புகிற இடம் மூன்றையும் அளக்க வேண்டும். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசல் (கூடம்) விசாலமாக இருக்கும்; ஆனால் உள் அறைக்குப் போகிற நடை குறுகலாக இருக்கும். மாடி வீடு என்றால் படி திரும்புமிடத்தில்தான் பீரோ சிக்கும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு. பீரோவைப் படுக்க வைத்துத்தான் உள்ளே கொண்டுவருவார்கள். அதை நிமிர்த்தும்போது அதன் மூலைக்கு மூலை நீளம் மேலே இடிக்கும். 78 அங்குல உயரமும் 19 அங்குல ஆழமும் உள்ள பீரோவுக்கு அந்த நீளம் 80 அங்குலத்தைத் தாண்டும். நிமிர்த்துகிற இடத்துக்கு மேலே தாழ்வான பரண் இருந்தால் பீரோ நிற்கவே நிற்காது. என் தங்கை வீட்டில் இப்படி ஆகி, ஒரு வாரம் பீரோ முன்னறையான தார்சாலில் படுத்துக் கிடந்தது.

கட்டிலுக்கு மெத்தை அளவு முக்கியம். கடை மெத்தைகள் 72, 75, 78 அங்குல நீளங்களில் வரும். ஆசாரியிடம் சொல்லிச் செய்த பழைய கட்டில்கள் இந்த அளவுகளுக்குள் அடங்காது. உங்களிடம் மெத்தை இருந்தால் அதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலை அளக்கும்போது சட்டத்துக்கு உள்ளே அளக்க வேண்டும், வெளியே அல்ல.

2. புது விலையைத் தெரிந்துகொண்டு, உங்கள் எல்லையை எழுதுங்கள்

அதே மாதிரிச் சாமான் புதிதாக என்ன விலை என்று தெரியாமல் போனால், கிடங்குக்காரர் சொல்கிற விலை உங்களுக்குக் குறைவாகத்தான் தெரியும். கிளம்பும் முன் ஒரு கடையிலோ ஆன்லைனிலோ பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருக்கிற எல்லை இது: மரம், இரும்புச் சாமானுக்குப் புது விலையில் பாதி, மின்சாரச் சாமானுக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொகைக்குள் வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பழுதுச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். புது பீரோ 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி 6,000. வண்டியும் கூலியும் 1,200, சாவி செய்யவும் கண்ணாடி மாற்றவும் 800 ஆகும் என்றால், கடையில் கொடுக்கக்கூடியது 4,000 தான். 5,500-க்கு பேசி முடித்துவிட்டு லாபம் என்று நினைத்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாமான் வீட்டில் வந்து நின்று வேலை செய்யும்போது எவ்வளவு ஆகியிருக்கிறதோ, அதுதான் அதன் விலை.

3. பையில் இருக்க வேண்டியவை

அளவு டேப், சின்னக் காந்தம், டெஸ்டர், டார்ச், பழைய துணி, ஒரு பாட்டில் தண்ணீர். கிரைண்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு டப்பாவில் இரண்டு கை ஊறவைத்த அரிசி. அரிசி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

காந்தம் கட்டாயம் வேண்டும். பீரோவில் பட்டி என்கிற களிம்பைப் பூசி ஓட்டையை அடைத்த இடத்தையும், பித்தளை முலாம் பூசிய இரும்பையும் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

4. எந்த மாதம், எந்த நேரம்

நம் ஊரில் சாமான் வரத்து முகூர்த்தத்தைப் பொறுத்தது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் கல்யாணம் நடக்கும். சீர்வரிசையில் புது பீரோவும் கட்டிலும் வந்ததும், வீட்டில் இருந்த பழையது கிடங்குக்குப் போகும். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதும் அப்படியே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமும் இல்லை, வீடு மாறுகிறவர்களும் குறைவு. கிடங்கில் சாமான் தேங்கி நிற்கும். ஆகவே ஆவணி, தையில் வந்த நல்ல சாமான் வேண்டுமென்றால் அந்த மாதங்களிலேயே போய்விட வேண்டும். அவசரமில்லை, விலைதான் முக்கியம் என்றால் ஆடியில் போங்கள்.

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் அதிகம் என்பதால் இன்னொரு சுற்றும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கடைசி வருடப் பிள்ளைகள் அறையைக் காலி செய்வார்கள். ஒற்றைக் கட்டில், படிக்கிற மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, டேபிள் ஃபேன் எல்லாம் அப்போது வரும். ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்ததும் அதே சாமானின் விலை ஏறிவிடும். மே மாதத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

நேரம் என்றால் காலைதான். பகல் வெளிச்சத்தில்தான் துருவும் ஒட்டும் தெரியும். டியூப்லைட்டில் எல்லாப் பெயின்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாத மத்தியானத்தில் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது. அந்தச் சூட்டில் "சரி, இதையே எடுத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வரத்தான் தோன்றும். கூட்டமில்லாத நாளாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிளக்கில் சொருகிப் பார்க்கக்கூட ஆள் கிடைக்காது.

5. நுழைந்ததும் முதல் வேலை: ஃபிரிட்ஜைப் போடச் சொல்லுங்கள்

ஃபிரிட்ஜ் வாங்குவது பட்டியலில் இருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் அதைத் தேர்ந்து பிளக்கில் போடச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசருக்குள் வையுங்கள். போட்டுவிட்டு மற்றச் சாமான்களைப் பார்க்கப் போங்கள். நன்றாக இருக்கிற ஃபிரிட்ஜும் குளிர நேரம் எடுக்கும். பழுதான ஃபிரிட்ஜும் போட்ட உடனே உறுமி ஓடிக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கடைசியில் இதைப் பார்க்கலாம் என்று விட்டால், அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

போடும்முன் கையால் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே உள்ளே குளிர்ந்திருந்தால், நீங்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தப்பில்லை, ஆனால் உங்கள் சோதனை கெட்டுவிடும். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

6. பீரோ

புதுப் பெயின்ட் அடித்து மினுமினுக்கிற பீரோவைவிட, பழைய பெயின்ட் அங்கங்கே உரிந்த பீரோவைத்தான் நான் எடுப்பேன். உரிந்த இடத்தில் தகடு எப்படி இருக்கிறது என்று தெரியும். புதுப் பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

அடியிலிருந்து ஆரம்பியுங்கள். துரு எப்போதும் அடித்தகட்டிலும் கால் மூலையிலும்தான் முதலில் பிடிக்கும். வீடு கழுவுகிற தண்ணீர் அங்கேதான் தேங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற பீரோக்களில் உப்புக் காற்று பட்டு கீல்களும் கதவு விளிம்பும் உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள், சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து காந்தத்தைக் கதவு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். முட்டியால் தட்டினாலும் மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மந்தமாகவும் கேட்கும்.

கதவு சரியாக மூடவில்லை என்றால் உடனே தள்ளிவிடாதீர்கள். கிடங்குத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு காலுக்குக் கீழே அட்டை மடித்து வைத்துப் பாருங்கள். கதவு நேரானால் பீரோவில் குறையில்லை. வைத்த பிறகும் கோணலாகவே இருந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அதை எந்தப் பட்டறையிலும் முழுதாக நேராக்க முடியாது.

கடைசியாகச் சாவி. பெரிய கதவுச் சாவியை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், லாக்கர் சாவியை மறந்துவிடுகிறார்கள். லாக்கர் பூட்டியே இருந்தால், திறந்து காட்டிய பிறகுதான் பேச்சு. உள் தட்டுகளையும் எண்ணுங்கள். கிடங்கில் ஒரு பீரோவின் தட்டை எடுத்து இன்னொன்றில் போட்டிருப்பார்கள். சைஸ் கொஞ்சம் மாறினாலும் கொக்கியில் உட்காராது.

கதவைத் திறந்து தகட்டின் விளிம்பையும் பாருங்கள். தகடு கனத்தை கேஜில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு கனம். 20 கேஜ் 22-ஐவிடத் தடிமன். இது தெரியாமல் "22 கேஜ் அண்ணாச்சி, ஹெவி" என்று சொன்னதை நம்பி வந்தவர்கள் உண்டு.

7. கட்டிலும் மற்ற மரச் சாமானும்

பாலிஷ் போட்ட பக்கத்தைப் பார்க்க வேண்டாம். கட்டிலைச் சாய்த்து அடியையும், அலமாரியைத் திருப்பி முதுகையும் பாருங்கள். பாலிஷ் போடாத அந்த இடத்தில்தான் இது என்ன மரம், எத்தனை தடவை ஒட்டுப் போட்டது என்பது தெரியும். முகப்பு மட்டும் தேக்காகவும் அடிச்சட்டம் வேறு மரமாகவும் இருப்பது சாதாரணம். அதற்குத் தேக்கு விலை கேட்டால்தான் தப்பு.

வண்டு துளைத்த மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருக்கும். ஓட்டை இருப்பதாலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; பழைய ஓட்டையாக இருக்கலாம். துணியைக் கீழே விரித்து, சட்டத்தைக் கையால் நன்றாகத் தட்டுங்கள். மாவு போலத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்டதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்றச் சாமானுக்கும் பரவும். கரையான் அரித்தது வேறு. அதைத் தட்டினால் உள்ளே கூடாகக் கேட்கும், நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும்.

மூட்டைப்பூச்சிக்கு டார்ச்சைக் கட்டில் மூட்டுகளிலும் போல்ட் ஓட்டைகளிலும் அடியுங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது அதன் கழிவு. ஒரே ஒரு கட்டிலில் பார்த்தாலும் அந்த வரிசையில் இருக்கிற எல்லாக் கட்டிலையும் அதே கண்ணோடு பாருங்கள், ஒன்றோடொன்று ஒட்டித்தானே நிற்கின்றன.

கழற்றி வைத்திருக்கும் கட்டில் என்றால் அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தலைமாடு ஒரு கட்டிலுடையது, பக்கச் சட்டம் இன்னொன்றுடையது என்று சேர்த்து வைத்திருப்பார்கள். போல்ட் ஒன்று குறைந்தாலும் கட்டில் ஆடும். அதே மரை கடையில் கிடைப்பது சிரமம். மாட்டிய பிறகு ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் உட்காருங்கள்.

பார்ட்டிகிள் போர்டு அலமாரி, கம்ப்யூட்டர் மேஜை இவற்றில் கீழ் விளிம்பு உப்பியிருந்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. அதற்கு எந்த விலையும் அதிகம்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து நிலை, கதவு, ஜன்னல் வரும். வீடு கட்டுகிறவர்களுக்கு இவை பெரிய வரம்தான், ஆனால் ஆசாரியைக் கூட்டிப் போகாமல் வாங்காதீர்கள். நிலையின் அடிப்பாகம் மண்ணில் நின்றது. அதில் எவ்வளவு வெட்டிக் கழிக்க வேண்டியிருக்கும், மிச்ச உயரம் உங்கள் வாசலுக்குப் போதுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

8. மின்சாரச் சாமான்

முதலில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர் நின்றது. அப்போது முங்கிய வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் காயவைத்துத் துடைத்து, விலைக்குப் போயின. என் பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். மூன்று மாதத்தில் நின்றுபோனது. மெக்கானிக் பின் தகட்டைக் கழற்றியதும் உள்ளே மெல்லிய வண்டல் ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது.

அதனால் மின்சாரச் சாமான் எதுவானாலும் பின் பக்கத்து ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே உயரம் வரை துருப்பிடித்து, அதற்கு மேலே பளிச்சென்று இருந்தால் தண்ணீர் நின்ற மட்டம் அதுதான். மோட்டார் பக்கத்து மூலைகளில் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஆற்று வண்டல் மாவு போல நுணுக்கமாக இருக்கும். வீட்டுத் தூசி பஞ்சு பஞ்சாகத் திரண்டிருக்கும்.

எதையும் ஓட்டிப் பார்க்கும் வரிசை இது. பிளக்கில் போடும்முன் ஒயரைப் பாருங்கள், மோட்டாரை முகர்ந்து பாருங்கள். கருகிய வாசனை இருந்தால் மோட்டாரின் கம்பிச் சுற்று (வைண்டிங்) போயிருக்கிறது. போட்ட பிறகு இரும்பு உடம்பில் டெஸ்டரை வையுங்கள். எரிந்தால் மின்கசிவு இருக்கலாம், அல்லது அந்தக் கடைப் பிளக்கில் எர்த் இல்லாமல் இருக்கலாம். வேறு பிளக்கில் மாற்றிப் பாருங்கள். அங்கேயும் எரிந்தால் வேண்டாம். கிரைண்டரை ஈரக் கையோடுதான் தொடுவோம் என்பதை நினைவில் வையுங்கள்.

கிரைண்டர்: வெறுமனே எந்தக் கிரைண்டரும் சுற்றும். அதற்குத்தான் ஊறவைத்த அரிசி. தண்ணீரோடு போட்டு, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பெல்ட் தளர்ந்தது, மோட்டார் வலுவிழந்தது எல்லாம் அப்போதுதான் தெரியும். கல் வழவழப்பாகிவிட்டால் மாவு நைசாக அரைபடாது. கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்க ஆள் கிடைப்பாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸி: தண்ணீர் ஊற்றி, மூன்று வேகத்திலும் ஓட்டுங்கள். ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், அது சின்னச் செலவுதான். ஜாரின் அடிவழியே தண்ணீர் கசிந்தால் ஜாரையே மாற்ற வேண்டிவரும்.

வாஷிங் மெஷின்: டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது, அது பெரிய செலவு. டிரம் விளிம்பில் வெள்ளையாகக் கல் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் போர்வெல் வீட்டில் ஓடியது. உள்ளே வால்விலும் குழாயிலும் அதே படிவு இருக்கும். ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டிலிருந்து வந்தது கிடைத்தால் அதை எடுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு இப்போது திரும்பி வாருங்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஃப்ரீசர் தகட்டைத் தொட்டால் விரல் ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், டம்ளர் தண்ணீர் நன்றாகச் சில்லிட்டிருக்க வேண்டும். பக்கச் சுவரோ பின் கம்பியோ வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற சூடு வெளியே வருகிறது என்பதற்கு அது அடையாளம். கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் போயிருக்கிறது. கம்ப்ரசர் பக்கத்துச் செம்புக் குழாயில் புதிதாகப் பற்றவைத்த தடம் இருந்தால், சமீபத்தில் கேஸ் அடைத்திருக்கிறார்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் கொஞ்ச நாள் நன்றாகக் குளிரும், அப்புறம் நின்றுவிடும். எங்கே கசிந்தது, யார் சரி செய்தது என்று கேளுங்கள்.

மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிள் கிழியாமல் இருந்தால் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் எந்த ஆண்டு லேபிள் என்பதையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு ஐந்தாக இருக்காது. புதியதைவிட ஆண்டுக்கு 150 யூனிட் கூடுதலாக இழுத்தால், இரண்டு மாதப் பில்லில் 25 யூனிட் ஏறும். இலவச யூனிட்டுக்குள் அடங்குகிற சின்னக் குடும்பம் அதைத் தாண்டிவிடக்கூடும்.

மொபைல் விற்கிற கிடங்கும் உண்டு. அங்கே *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தொலைந்துபோனதாகப் புகார் கொடுத்து முடக்கிய போன் என்றால் அங்கே தெரிந்துவிடும்.

9. பித்தளை, வெண்கலம்

நம் வீடுகளின் சருவம், குத்துப்போணி, உருளி எல்லாம் இங்கே வந்து குவிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துவிடும். விளிம்பில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். யாரோ ஒரு ஆச்சியின் கல்யாணச் சீர். வாங்கினால் அந்தப் பெயரை அழிக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

காந்தம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். தண்ணீரை நிரப்பி, காய்ந்த தரையில் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் பற்றவைத்த ஒட்டு இருந்தால் ஈரம் காட்டும். எடைக்குத்தான் விலை சொல்வார்கள், அன்றைய பழைய பித்தளை விலையை டவுன் பாத்திரக்கடையில் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். சமைக்கிற பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் புளி பட்டுக் களிம்பேறும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும்.

கோயில் பெயர் வெட்டிய விளக்கோ மணியோ இருந்தால் கையால் தொட வேண்டாம். பழைய சிலைகளும் அப்படியே. நூறு வருடம் தாண்டியவற்றுக்குத் தொல்பொருள்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

10. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாதவை

மெத்தை, தலையணை: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஹெல்மெட்: ஒருமுறை அடிபட்டிருந்தால் அடுத்த அடியைத் தாங்காது, வெளியே தெரியவும் தெரியாது. கேஸ் சிலிண்டர்: அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, யாரும் விற்க முடியாது. பிரஷர் குக்கரையும் நான் தவிர்த்துவிடுவேன்.

அரசு முத்திரை போட்ட இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், மாணவர் லேப்டாப் இவையும் கிடங்கில் தலைகாட்டும். விற்பதற்கல்ல என்று கொடுத்த சாமான் அவை. விட்டுவிடுங்கள். பழைய கேஸ் அடுப்பு வாங்கலாம். ஆனால் ரப்பர் குழாய் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

11. இப்போது விலை

எல்லாம் பார்த்து முடித்த பிறகு, வேண்டிய சாமான்களை ஒன்றாகச் சேர்த்துப் பேசுங்கள். ஒவ்வொன்றாகப் பேசினால் ஒன்றில் குறைத்ததை இன்னொன்றில் ஏற்றிவிடுவார்கள். கிடங்குக்காரருக்கு இடம்தான் பணம். நான்கு சாமான் ஒரே நாளில் வெளியேறுவது அவருக்கும் நல்லது.

குறையைச் சொல்லும்போது சாமானைத் திட்ட வேண்டாம், செலவைச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, இது என்ன தகரம்?" என்று ஆரம்பித்தால் அவருக்கு ரோஷம் வரும். "அண்ணாச்சி, லாக்கர் சாவி செய்யணும், ரப்பர் மாத்தணும், எனக்கு ஆயிரத்துக்கு மேல வரும். அதைப் பாத்துப் போட்டுத் தாங்க" என்றால் அவரும் கணக்காகவே பதில் சொல்வார். "சரி தங்கச்சி, சாவி நான் செஞ்சு தாரேன், விலையில கை வைக்காதீங்க" என்று எனக்கு ஒருவர் சொன்னார். அது நல்ல பேரம். அவருக்குத் தெரிந்த ஆள் குறைந்த கூலிக்குச் செய்துவிடுவார்.

நீங்கள் எழுதிவைத்த எல்லையைத் தாண்டினால் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிடித்த சாமானை விட்டுவிட்டு வருவது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டு தடவை ஒரு வாரத்துக்குள் அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரு தடவை சாமான் போய்விட்டது.

12. பில், அடையாளம், வண்டி

பணம் கொடுக்கும்முன் பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: என்ன சாமான், என்ன தேதி, ஓடவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார். ஏழு நாள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஜிபேயில் அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி. பில் கொடுக்க மறுக்கிற இடத்தில் மோட்டார், மொபைல், சைக்கிள் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவரையும் பிடிக்கும்; குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு அதற்குத்தான்.

அடுத்து, வாங்கிய ஒவ்வொரு சாமானின் பின்னாலும் மார்க்கரால் உங்கள் பெயரை எழுதி, போட்டோ எடுங்கள். பீரோ தட்டுகள், கட்டில் போல்ட், கிரைண்டர் மூடி எல்லாமே. வண்டி மறுநாள் வருகிறது என்றால் இது இன்னும் முக்கியம். யாரும் வேண்டுமென்று மாற்றுவதில்லை. ஏற்றுகிற பையனுக்கு எந்தத் தட்டு எதற்கு என்று தெரியாது.

குட்டியானை (சின்ன லோடு வண்டி) பேசும்போது வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி மூன்றும் சேர்த்தா, தனித்தனியா என்று கேளுங்கள். வீடு மாடியில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு மாடி என்றால் தகராறுதான் வரும்.

ஃபிரிட்ஜை நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் போய்விடும். வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், வீட்டில் நிறுத்தி நான்கு மணி நேரமாவது கழித்துத்தான் போட வேண்டும். பீரோக் கண்ணாடிக்கு மேலே போர்வை சுற்றிக் கட்டுங்கள்.

13. வீட்டுக்குள் விடும்முன்

மரச் சாமானை நேராக அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். கட்டில் மூட்டுகளிலும் போல்ட் ஓட்டைகளிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மறுபடி நன்றாகக் காயவிடுங்கள். ஒரு பூச்சி தப்பினாலும் வீடு முழுக்கப் பரவும். வண்டு ஓட்டை இருந்தால் சிரிஞ்சில் மருந்து ஏற்றி, மெழுகால் அடைக்கலாம். அதற்கு ஆசாரியைக் கூப்பிடுவதே நல்லது.

பீரோ லாக்கரையும் இழுப்பறைகளின் பின்பக்கத்தையும் துழாவிப் பாருங்கள். ரேஷன் கார்டு, பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் சிக்கியிருக்கும். அவை கிடைத்தால் கிடங்குக்காரரிடம் கொடுங்கள், யார் வீட்டுச் சாமான் என்று அவருக்குத் தெரியும். பூட்டின் லீவரை மாற்றிவிடுங்கள். பழைய சாவியின் இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அந்த ஏழு நாளில் மின்சாரச் சாமானைப் பத்திரமாக மூடி வைக்காதீர்கள். முழு வேலை கொடுங்கள். வாஷிங் மெஷினில் போர்வை போடுங்கள், கிரைண்டரில் ஒரு படி அரிசி ஆட்டுங்கள், ஃபிரிட்ஜை இரவு பகல் ஓடவிட்டு மீட்டர் எண்ணைத் தினமும் குறித்து வையுங்கள். நல்ல நாள் பார்த்துப் போடலாம் என்று பத்து நாள் காத்திருந்து, போட்டபோது ஓடாமல், பில்லைத் தேடுகிறவர்கள் அதிகம். குறை தெரிந்தால் ஆறாம் நாள் காலையில், வீடியோ எடுத்துக்கொண்டு, நேரில் போங்கள்.